36 அட்டைகளும் ஒரு தராசும்: துணி மாதிரித் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

இயற்கை நார்த் துணிகளை மட்டும் விற்கும் ஓர் ஆன்லைன் கடையிலிருந்து இந்தத் தொகுப்பை வாங்கினேன். மொத்தம் 36 அட்டைகள்: பருத்தி 12, லினன் 9, கம்பளி 6, பட்டு 5, ஹெம்ப் (கஞ்சாச் செடி வகையின் தண்டு நார்) 4. ஒவ்வோர் அட்டையிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டுத் துணி, அதன் கீழே பெயர், நெசவு, எடை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம். இதே மாதிரியான தொகுப்பைப் பல கடைகள் விற்கின்றன, இங்கே சொல்வதில் பெரும்பகுதி எதற்கும் பொருந்தும் என்பது இன்னொன்று.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். துணியைத் தொடாமல் ஆன்லைனில் எடுப்பவர்கள் கட்டாயம் வாங்கலாம். ஆனால் அட்டையில் அச்சிட்ட எடையை மட்டும் படித்துவிட்டு மூடி வைப்பதாக இருந்தால் வேண்டாம், கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்தாலே போதும்.

நான் ஆர்டர் எடுத்துத் தைத்துக் கொடுப்பவள். சட்டை, கவுன், பேன்ட், திரை, மெத்தை விரிப்பு, தோள்பை என்று எது வந்தாலும் தைப்பேன். துணியை நான்தான் எடுத்துத் தரவேண்டும் என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் பாதிப் பேர் எங்கேயாவது ஜி.எஸ்.எம். என்ற சொல்லைப் படித்துவிட்டு வருகிறார்கள். “அக்கா, 200 ஜி.எஸ்.எம். லினன் எடுங்க, அதுதான் தரமானதாம்.” கூட ஜி.எஸ்.எம். இருந்தால் கூடத் தரம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று வாயால் விளக்கி எனக்கு அலுத்துப் போயிருந்தது. இனிமேல் துணியையே கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை வாங்கினேன்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அவ்வளவுதான். அந்தப் பரப்பில் எவ்வளவு நார் இருக்கிறது என்று சொல்லும். அந்த நார் மெல்லிய நூலாக நெருக்கமாக நெய்யப்பட்டதா, தடித்த நூலாக இடைவெளி விட்டு நெய்யப்பட்டதா, துணி காற்று விடுமா, விறைத்து நிற்குமா, வழிந்து விழுமா என்பதையெல்லாம் சொல்லாது. அதற்கு அட்டையிலிருக்கும் மற்ற இரண்டு வரிகள் வேண்டும். இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். பருத்தி அட்டைகளில் நூல் நம்பரையும் (நம்பர் ஏற ஏற நூல் மெலியும்) அங்குலத்துக்கு எத்தனை பாவு (நீளவாட்டு நூல்), எத்தனை ஊடை (குறுக்கு நூல்) என்பதையும் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஒரு பாப்ளின் அட்டையை எடுத்துக்கொள்வோம். பாவு, ஊடை இரண்டும் 40-ஆம் நம்பர் நூல். அங்குலத்துக்குப் பாவு 133, ஊடை 72. எடை 125 என்று போட்டிருக்கிறது. இதை நாமே சரிபார்க்க முடியும். பருத்தியில் 40-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோமீட்டர் நீளம் எடுத்தால் ஏறக்குறைய 14.8 கிராம் இருக்கும். அங்குலத்துக்கு 133 என்றால் சென்டிமீட்டருக்கு 52 சொச்சம். ஒரு சதுர மீட்டரில் பாவு நூல் மட்டும் 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதன் எடை 77 கிராம். ஊடை 42 கிராம். கூட்டினால் 119. நூல் நேராக ஓடுவதில்லை, மேலும் கீழும் வளைந்து போகிறது, அந்த வளைவுக்குச் சில சதவீதம் சேர்த்தால் 125 வந்துவிடுகிறது. அட்டை பொய் சொல்லவில்லை. ஒரு தடவை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், அதே 125 கிராமை 20-ஆம் நம்பர் நூலில் பாதி இழைகளைக் கொண்டும் நெய்துவிடலாம் என்பது புரிந்துவிடும். அது ஜன்னல் திரைக்கு ஆகிற மாதிரி இழை தெரியும் துணியாக இருக்கும். சட்டைக்கு ஆகாது. எண் இரண்டுக்கும் ஒன்றே.

லினன் அட்டைகளில் இந்த விவரம் பாதிதான் இருக்கிறது. நூல் நம்பரைப் போட்டிருக்கிறார்கள், அது எந்த முறை என்று போடவில்லை. ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் (நூல் சுருள்) இருக்கிறது என்பதுதான் நம்பர். பருத்தி நம்பர் 840 கஜச் சிட்டத்தை வைத்து எண்ணுவது, லினன் நம்பர் 300 கஜச் சிட்டத்தை வைத்து எண்ணுவது. அதனால் 40-ஆம் நம்பர் லினன் நூல் பருத்திக் கணக்கில் 14-ஆம் நம்பர் போலத்தான் வரும், அதே நீளத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடை. இது தெரியாமல் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்தால், ஒரே நம்பர் போட்டிருக்கிறதே, ஏன் லினன் இவ்வளவு முரடாக இருக்கிறது என்று தோன்றும். ஒரு வரிக் குறிப்பில் தீர்த்திருக்கலாம்.

இப்போது தராசுக்கு வருகிறேன். அச்சிட்ட எண்ணை நம்புவதைவிட நிறுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்று இருந்தால் கணக்கே தேவையில்லை. அது சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. 1.60 கிராம் இருந்தால் 160 ஜி.எஸ்.எம். ஆலைகளிலும் இதே 100 சதுர சென்டிமீட்டர்தான், வட்டமாக வெட்டும் கட்டர் ஒன்று வைத்திருப்பார்கள். நமக்குக் கத்தரிக்கோலும் ஸ்கேலும் போதும். ஆனால் கிராமில் இரண்டு புள்ளி காட்டும் சின்னத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே எதையும் காட்டாது, அதில் வைத்தால் எல்லாத் துணியும் 100, 200, 300 என்று முழு நூறாகத்தான் வரும்.

தொகுப்பிலிருந்த துண்டுகளைப் பிரித்து அப்படியே நிறுத்தேன். பாதி அட்டைகளில் எடை 10 சதவீதம் வரை குறைவாக வந்தது. கடை ஏமாற்றவில்லை. நூல் பிரியாமல் இருக்க, துண்டுகளின் ஓரத்தைப் பல் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். பல்லின் உச்சியிலிருந்து எதிர் உச்சிவரை அளந்தால் 10 சென்டிமீட்டர், ஆனால் ஒவ்வொரு பல்லுக்கும் நடுவில் ஒரு முக்கோணம் இல்லை. பல் அரை சென்டிமீட்டர் ஆழம் என்றால் நடைமுறையில் துண்டு ஒன்பதரைக்கு ஒன்பதரைதான், பரப்பு 90 சதுர சென்டிமீட்டர். பல்லை வெட்டி நீக்கி 8-க்கு 8 சென்டிமீட்டர் சதுரமாக்கி நிறுத்து, வந்த கிராமை 0.0064-ஆல் வகுத்தேன். அப்போது பெரும்பாலானவை அச்சிட்ட எண்ணுக்கு 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டன. துணி வியாபாரத்தில் 5 சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதிரித் தொகுப்பு விற்கிற கடை, எடையை முக்கியம் என்று அச்சிட்டுவிட்டு, ஓரத்தை நேராக வெட்டி அனுப்பலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த 5 சதவீதத்துக்குள் வராமல் தனித்து நின்றவை கம்பளி அட்டைகள். ஒரு ட்வில் (சாய்ந்த கோடு தெரியும் நெசவு) கம்பளியில் 260 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஜி.எஸ்.எம். என்றும் இருக்கிறது. நிறுத்தால் 173. மறுபடி வெட்டி மறுபடி நிறுத்தாலும் அதே 173. விஷயம் இதுதான்: கோட் துணிக்கான கம்பளியை ஆலைகள் ஓடும் மீட்டருக்கு எவ்வளவு எடை என்று சொல்வது வழக்கம். அதாவது துணியின் முழு அகலத்தோடு ஒரு மீட்டர் நீளத்தின் எடை. அகலம் 150 சென்டிமீட்டர் என்றால் 260-ஐ ஒன்றரையால் வகுக்க வேண்டும். வகுத்தால் சரியாக 173 வருகிறது. ஆலை கொடுத்த எண்ணை எடுத்து, ஓடும் மீட்டரை அழித்துவிட்டு ஜி.எஸ்.எம். என்று அச்சிட்டுவிட்டார்கள். ஆறு கம்பளி அட்டையிலும் இதே கதை.

இது சின்னப் பிழை இல்லை. 260 ஜி.எஸ்.எம். கம்பளி குளிருக்குத் தாங்கும் கனமான கோட் துணி. 173 என்பது வருஷம் முழுக்கப் போடும் மெல்லிய ரகம். குளிருக்கு என்று நம்பி மீட்டர் கணக்கில் எடுத்தவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கடைக்கு எழுதிக் கேட்டேன். ஆலை கொடுத்த எண்ணைத்தான் போட்டோம், அடுத்த அச்சில் மாற்றுகிறோம் என்று பதில் வந்தது. எந்தக் கடையில் கம்பளி எடுத்தாலும், எடை சதுர மீட்டருக்கா, ஓடும் மீட்டருக்கா, அகலம் என்ன என்று கேட்காமல் எடுக்காதீர்கள்.

எடையை எழுதும் முறை நாருக்கு நார் மாறுவது பெரிய தலைவலி. டெனிமும் கேன்வாஸும் அவுன்ஸில் வரும், சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ். ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய 34 ஜி.எஸ்.எம். 12 அவுன்ஸ் டெனிம் என்றால் 407. கனமான கேன்வாஸில் பழைய நம்பர் முறை ஒன்று இன்னும் உலவுகிறது, அதில் நம்பர் ஏற ஏற எடை குறையும். 10-ஆம் நம்பர் கேன்வாஸ் ஏறக்குறைய 500 ஜி.எஸ்.எம்., 1-ஆம் நம்பர் அதற்கு இரண்டு மடங்கு. பட்டு மோமியில் வரும். 45 அங்குல அகலமும் 100 கஜ நீளமும் உள்ள பட்டு எத்தனை பவுண்டு எடையோ அத்தனை மோமி. ஜி.எஸ்.எம்.-க்கு மாற்ற 4.34-ஆல் பெருக்க வேண்டும். இந்தத் தொகுப்பில் ஐந்து பட்டு அட்டையிலும் மோமி மட்டும்தான் போட்டிருக்கிறது. 8, 12, 16, 19, 22. பெருக்கினால் 35-லிருந்து 95 வரை.

22 மோமி பட்டு சாட்டினையும் ஏறக்குறைய 95 கிராம் வரும் பருத்தி லானையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள். எடையில் வித்தியாசம் இல்லை. லான் மெலிசு, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும், மடித்தால் மடிப்பு நிற்கும். பட்டு கையிலிருந்து வழுக்கி ஓடுகிறது, பிடித்துப் பார்த்தால் நிழல்கூட மங்கலாகத்தான் தெரிகிறது, லானைவிடக் கனமானது என்று கை அடித்துச் சொல்கிறது. மிக மெல்லிய நீள இழையை சாட்டின் நெசவில் நெருக்கி அடுக்க முடிவதால் வரும் வித்தை அது. பருத்தியில் 95 மெலிசு ரகம், பட்டில் 95 கனமான ரகம்.

பட்டு எடையைப் பற்றி ஒரு பக்கக் கதை. கச்சாப் பட்டு இழையில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. அதைக் காய்ச்சி நீக்கினால்தான் மினுமினுப்பு வரும், அப்போது எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும். எடைக்கு விற்கும் பொருளில் கால் பங்கு கரைந்து போனால் வியாபாரி சும்மா இருப்பாரா? வெள்ளீய உப்புகளை ஏற்றி எடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், சில சமயம் முன்பிருந்ததைவிடக் கூடுதலாக. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது பெரிய அளவில் நடந்தது. அந்தக் காலத்துப் பட்டு கவுன்கள் அருங்காட்சியகங்களில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நார் நாராகத் தொங்குவதற்கு அந்த உப்பும் ஒரு காரணம். எடை கூடினால் தரம் கூடும் என்பவர்களிடம் நான் இப்போது சொல்லும் முதல் பதில் இதுதான்.

பருத்தியிலும் லினனிலும் அந்த வேலையைக் கஞ்சி செய்கிறது. புதுத் துணி கடையிலிருந்து வரும்போது மொடமொடவென்று இருந்தால், நிறுக்கும் எடையில் ஒரு பங்கு கஞ்சியுடையது. முதல் சலவையில் அது போய்விடும். ஆனால் அதே சலவையில் துணி சுருங்கும், சுருங்கினால் அதே நார் குறைந்த பரப்பில் அடங்கி ஜி.எஸ்.எம். ஏறும். இரண்டில் எது ஜெயிக்கும் என்பது துணியைப் பொறுத்தது. தொகுப்பில் எனக்குப் பிடித்த ஒரு லினன், 160 என்று போட்டது. அதில் அரை மீட்டர் வரவழைத்தேன். நடுவில் 25-க்கு 25 சென்டிமீட்டரில் நான்கு புள்ளி குறித்துத் துவைத்துக் காயவைத்தேன். பாவு வாக்கில் 24 ஆகிவிட்டது, ஊடை வாக்கில் இருபத்து நாலேகால். சுருக்கக் கணக்கின்படி மட்டும் பார்த்தால் 172-க்குப் போயிருக்க வேண்டும். நிறுத்தால் 168. மீதி நாலு கிராம் தண்ணீரோடு போன கஞ்சி. துவைத்த துணி கைக்கு மெத்தென்று, முன்பைவிடக் கொஞ்சம் தடித்து, இன்னும் நன்றாக விழுந்தது. எனக்கு அதுதான் உண்மையான துணி. அட்டையில் ஒட்டியிருப்பது துவைக்காத துண்டு. துவைத்தது, துவைக்காதது என்று இரண்டு துண்டு ஒட்டினால் தொகுப்பின் மதிப்பே வேறு. கேட்டால், இடமில்லை என்கிறார்கள். அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது.

நிறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இஸ்திரி போட்ட கையோடு நிறுக்காதீர்கள். இயற்கை நார் எல்லாம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், கம்பளி எல்லாவற்றையும்விட அதிகமாக. அதனால்தான் பரிசோதனைக் கூடங்களில் 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்று வைத்து, துணியை அதில் ஆறவிட்டுப் பிறகு நிறுக்கிறார்கள். 173 வந்த அதே கம்பளித் துண்டு, மழை பிடித்த நாளில் 180-ஐத் தொட்டது. வீட்டில் அந்த வசதி இல்லை என்பதால், ஒப்பிட வேண்டிய துணிகளை ஒரே இடத்தில் இரவு முழுக்க விரித்து வைத்து, காலையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தால் போதும்.

சரி, இனி இந்த அட்டைகளை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். சட்டை தைக்க வருபவரிடம் இரண்டு துண்டு கொடுக்கிறேன். ஒன்று மேலே சொன்ன 125 கிராம் பாப்ளின். இன்னொன்று 190 கிராம் லினன், சற்று இடைவெளி விட்ட நெசவு. இரண்டையும் வாயருகில் பிடித்து ஊதிப் பார்க்கச் சொல்வேன். பாப்ளினில் மூச்சு திரும்பி முகத்திலேயே படும், லினனில் அந்தப் பக்கம் வைத்த கைக்குக் காற்று போய்ச் சேரும். “அக்கா, கனம் கூடுனா வேர்க்கும்னு சொன்னாங்களே?” என்பார்கள். இதற்குமேல் நான் எதுவும் விளக்குவதில்லை. வெயிலுக்கு எடை குறைந்த துணிதான் என்று அடம்பிடித்தவர்கள்கூட ஊதிப் பார்த்ததும் லினனைத் தேடுகிறார்கள்.

இன்னொரு ஜோடி, 150 கிராம் ஃபிளானலும் 150 கிராம் ட்வில்லும், இரண்டுமே பருத்தி. ஃபிளானலின் மேற்பரப்பைப் பிரஷ் போட்டு நாரைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அதனால் எடை ஏறுவதில்லை, காற்று அடைபட்டுத் தடிமன் மட்டும் ஏறுகிறது. கதகதப்பு வேண்டுமென்றால் ஃபிளானல், முட்டி தேயாமல் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் ட்வில். ஒரே எண்ணுக்கு இரண்டு வேறு வேலை. கம்பளியிலும் இதே சூட்சுமம்தான். கம்பளி நாரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.31 கிராம், பருத்தி 1.54, அதோடு கம்பளி நார் சுருள் சுருளாக இருக்கிறது. ஒரே எடைக்குக் கம்பளி பொம்மென்று நிற்கும், பருத்தி தட்டையாகப் படுக்கும்.

எந்த வேலைக்கு எந்த எடை என்று கேட்பவர்களுக்கு என் கைக்கணக்கு இது. லினனில் 130 முதல் 170 சட்டைக்கு, கொஞ்சம் விழவேண்டிய கவுனுக்கு 180 முதல் 220, பேன்ட்டுக்கு 230-க்கு மேல். 120-க்குக் கீழே போனால் லைனிங் இல்லாமல் தைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. கனமான லினன் கசங்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கசங்கும், ஆனால் மடிப்பு கூர்மையாக இல்லாமல் உருண்டையாக விழுவதால் பார்க்க மோசமாக இருக்காது. மெத்தை விரிப்புக்குத் தனியாக எடையைத் துரத்தாதீர்கள், 150 முதல் 190-க்குள் கைக்குப் பிடித்ததை எடுங்கள். பருத்தியில் 60 முதல் 95 வரை வாயல், லான் ரகங்கள், சட்டை 100 முதல் 140, பேன்ட் 200-லிருந்து, பை தைக்க 300-க்கு மேல். ஹெம்ப்புக்கு லினன் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். இங்கே கொடுத்த நாலு ஹெம்ப் அட்டையில் மூன்று 300-ஐத் தாண்டியவை, பைக்கும் சோபா உறைக்கும் மட்டுமே ஆகும். சட்டைக்கு ஆகும் ஹெம்ப் ஒன்றாவது கூட வைத்திருக்கலாம்.

இந்தக் கணக்குகளை ப்ளீட்டும் சுருக்கும் புரட்டிப் போட்டுவிடும். 180 கிராம் லினனில் இடுப்பில் நிறையச் சுருக்கு வைத்தால் அந்த இடத்தில் மூன்று நாலு அடுக்கு சேர்ந்து இடுப்பைச் சுற்றி டயர் கட்டின மாதிரி ஆகிவிடும். அதே கவுனைச் சுருக்கு இல்லாமல் வெட்டினால் 180 அருமை. பேன்ட்டில் பட்டி, பக்கத் தையல், லூப் மூன்றும் சந்திக்கும் இடம் ஆறேழு அடுக்கு. 12 அவுன்ஸ் டெனிமில் அந்த இடத்தை வீட்டு மிஷின் தாண்டுமா என்று முதலில் யோசியுங்கள், பிறகு துணி எடுங்கள். ஊசியும் எடையோடு மாற வேண்டும். 100-க்குக் கீழே 70-ஆம் நம்பர், சட்டைத் துணிக்கு 80, 200-ஐத் தாண்டினால் 90, டெனிமுக்கும் கேன்வாஸுக்கும் 100. நெருங்கின நெசவாக இருந்தால் கழிவுத் துண்டில் தைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொகுப்பில் இல்லாதது நிட் துணி. டி-ஷர்ட் துணி ஒன்றுகூடக் கிடையாது, டவல் ரகமும் கிடையாது. டி-ஷர்ட்டில் 150-க்கும் 180-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கையால் உணர ஆசைப்படுபவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். கட்டமைப்பில் குறையில்லை. வளையம் போட்டுக் கோத்த அட்டைகள், தனித்தனியாகக் கழற்றலாம், நான் நார் வாரியாக இருந்ததைப் பிரித்து எடை வாரியாக அடுக்கிவிட்டேன். பசை மட்டும் மட்டம், மூன்று பட்டுத் துண்டு பெட்டியைத் திறக்கும்போதே உதிர்ந்து கிடந்தது. எது 16, எது 19 என்று தராசை வைத்துத்தான் கண்டுபிடித்து ஒட்டினேன்.

ஒரே ஒரு சட்டைக்குத் துணி தேடுபவருக்கு 36 அட்டை அதிகம். இதே கடை, கேட்டால் ஐந்து மாதிரி மட்டும் தனியாக அனுப்புகிறது, அவர்களுக்கு அது போதும். தைத்துக் கொடுப்பவர்கள், சின்ன அளவில் உடை தயாரித்து விற்பவர்கள், திரையும் உறையும் ஆன்லைனில் மீட்டர் கணக்கில் எடுப்பவர்கள் முழுத் தொகுப்பையும் வாங்குங்கள். குறிப்புப் பெட்டியில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: ஓரத்தை நேராக வெட்டி அனுப்ப வேண்டும், கம்பளிக்குத் துணியின் அகலத்தையும் குறிப்பிட வேண்டும். என்னிடம் துணி எடுக்கும் ஒருவர் அப்படி எழுதி வாங்கினார். அவருக்கு வந்த துண்டுகள் நேர் ஓரம், கம்பளி அட்டை ஆறிலும் அகலத்தைப் பேனாவால் எழுதியிருந்தார்கள்.